ஏழு, ஏழு, ஏழு

போன மாதம் ஒரு வட்டார ஓவியக் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். யார் நடத்தினார்கள் என்பது இங்கே வேண்டாம். நான்கு மாவட்டத்துக்காரர்கள் யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம் என்று அறிவித்திருந்தார்கள். வந்தவை 312. மண்டபச் சுவரில் இடமோ 60 படங்களுக்குத்தான். நடுவர்கள் மூன்று பேர்: பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், சுடுமண் சிற்பம் செய்கிற ஒரு தம்பி, அப்புறம் நான்.

முதல் சுற்று முழுக்கத் திரையில்தான். ஒரு சாண் வாட்டர்கலரும் ஆறடி கேன்வாஸும் புரொஜெக்டரில் ஒரே அளவாகத் தெரியும். ஓரத்தில் அளவைப் போட்டிருந்தாலும் கண் அதை நம்பாது. கண்ணாடி போட்ட பிரேமை அப்படியே போனில் எடுத்து அனுப்பியவர்கள் ஏராளம். ஒரு கோபுரத்துக்கு நடுவில், படம் எடுத்தவர் லுங்கியோடு நிற்பது தெளிவாகத் தெரிந்தது. தஞ்சாவூர் ஓவியங்கள் பாடுதான் பெரும்பாடு. ஃபிளாஷ் பட்டதும் தங்க ரேக்கு வெள்ளைத் திட்டாகிவிடும், மேடாக எழுப்பிய வேலை எல்லாம் தட்டையாகிவிடும். படம் அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஃபிளாஷை அணைத்துவிட்டு, காலை வெளிச்சத்தில் நிழலில் வைத்து எடுங்கள்.

பெயர்களை மறைத்துத்தான் காட்டினார்கள். ஆனால் நான்கு மாவட்டத்துக்குள் பெயரை மறைத்து என்ன ஆகப்போகிறது? டீச்சர் ஒரு படத்தைப் பார்த்ததுமே "இது என் பிள்ளை, நான் மார்க் போட மாட்டேன்" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

சிக்கல் மார்க்கில்தான். ஆளுக்குப் பத்து, மூன்றையும் கூட்டி, மேலிருந்து 60 பேரை எடுப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் 21இல் கோடு விழுந்தது, கோட்டுக்கு மேலே வரிசையாக ஏழு, ஏழு, ஏழு. தேர், கோபுரம், பூக்கூடைக்காரி, மறுபடியும் தேர். கை நன்றாகப் பழகிய வேலைகள், குறை சொல்ல ஒன்றுமில்லை, வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. கோட்டுக்குக் கீழே 20இல் நின்றது ரேஷன் அரிசிச் சாக்கில் கரியால் வரைந்த ஒரு கிழவியின் முதுகு. முகமே கிடையாது. தம்பி பத்து போட்டிருந்தான், நான் ஒன்பது, டீச்சர் ஒன்று. பிரேம் இல்லை, தோள்பட்டை எலும்பு தப்பு என்பது அவர் கணக்கு. யாருக்கும் பிடிக்காமல் போகாத படத்தைத்தான் கூட்டல் கணக்கு தேடிக் கொடுக்கும், ஒருவரை உலுக்கி இன்னொருவரை எரிச்சல்படுத்துகிற படம் அதில் தப்பவே முடியாது.

ஜாதகக் கட்டமும் கிறுக்கெழுத்துமாக ஒரு படம் வந்திருந்தது. தம்பி பார்த்துவிட்டு, "அண்ணா, இதைப் பணிக்கர் 1963லேயே தொடங்கிட்டாரே" என்றான். உண்மைதான். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'வார்த்தைகளும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையின் நிழல் அது. ஆனால் பணிக்கரே தன் படத்தைப் பெயரில்லாமல் எங்களுக்கு அனுப்பியிருந்தால் 21 வாங்கியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

லண்டன் ராயல் அகாடமி ஓவியக் கண்காட்சியில் 1830இல் நடந்ததாகச் சொல்லும் கதையை அப்போது டீச்சரிடம் சொன்னேன். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய புல்வெளிப் படமே தவறுதலாக வெளியார் படங்களோடு கலந்து வந்துவிடுகிறது, பச்சையாக இருக்கிறது என்று முகம் சுளித்துத் தள்ளிவிடுகிறார்கள். பிறகு விஷயம் தெரிந்து சேர்த்துக்கொள்கிறோம் என்றபோது அவர் வேண்டாம் என்றுவிட்டாராம். அந்தப் படம் இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கும் சாக்குக்கும் என்ன சம்பந்தம் தம்பி?" என்றார்.

கடைசியில் ஒரு வழி பிடித்தோம். மார்க்படி 57, மீதி மூன்று இடத்தில் ஆளுக்கு ஒரு படம், யாரையும் கேட்க வேண்டாம். நான் சாக்கை எடுத்தேன். தம்பி ஜாதகக் கட்டத்தையே எடுத்தான், காரணம் சொல்லவில்லை. டீச்சர் எடுத்தது ஒரு கோயில் தூணின் பென்சில் வரைபடம். நான் அதற்கு நாலு போட்டிருந்தேன். திரையில் ஜெராக்ஸ் மாதிரி இருந்தது. அசல் வந்து சேர்ந்தபோது பார்த்தால் உள்ளங்கை அகலம்தான், அதற்குள் யாளியின் பல் இடுக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்குவரை இருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன்.

சாக்கும் வந்தது. மாட்டுவதற்காகத் தூக்கியதும் கரி பொலபொலவென்று கொட்டி, கீழே இருந்த வாட்டர்கலரின் வெள்ளை மவுண்டில் விழுந்தது. டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பையனை அனுப்பி, கரி உதிராமலிருக்க ஹேர்ஸ்பிரே வாங்கிவரச் சொல்லி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கிழவியின் முதுகு முழுக்க அவரே அடித்தார். தோள்பட்டைக்கு மட்டும் இரண்டு தடவை.

"இப்ப எத்தனை டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான்."