மூன்று கம்பிகளையும் ஒரு குழாயையும் வைத்து ஒலியின் வேகத்தை அளந்த கதை

கனமான பொருளில் ஒலி வேகமாகப் போகும் என்றுதான் பள்ளிக்காலம் முதல் நம்பிக்கொண்டிருந்தேன். காற்றைவிட நீரில் வேகம், நீரைவிட இரும்பில் வேகம். அப்படியென்றால் அடர்த்திதான் காரணம் என்று மனதில் பதிந்துவிட்டது. ஒரு மாதமாக ஓய்வு நேரத்தில் அளந்து பார்த்ததில் அது தவறு என்று என் காதாலேயே கேட்டுவிட்டேன்.

முதலில் காற்று. 4 செ.மீ. விட்டமும் 60 செ.மீ. நீளமும் உள்ள பிவிசி குழாய், ஆழமான டிரம் நிறையத் தண்ணீர், கைபேசியில் 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) ஒலி. இவ்வளவுதான் கருவி. குழாயைத் தண்ணீரில் நிறுத்தி, மேல்வாய் அருகே கைபேசியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலே தூக்கினேன். தண்ணீருக்கு மேல் 16.3 செ.மீ. குழாய் இருந்தபோது ஒலி திடீரென்று பொங்கி எழுந்தது. அப்புறம் அடங்கிவிட்டது. 51.0 செ.மீ. வந்ததும் மறுபடி அதே பொங்கல். இரண்டுக்கும் இடைவெளி 34.7 செ.மீ. அது அரை அலைநீளம். முழு அலைநீளம் 69.4 செ.மீ., அதை 500-ஆல் பெருக்கினால் நொடிக்கு 347 மீட்டர். அறை வெப்பநிலை 30 டிகிரி, அதற்குப் பாடநூல் சொல்வது 349. ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்து இவ்வளவு நெருங்க முடியும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. முதல் அளவை மட்டும் எடுத்து நான்கால் பெருக்கியிருந்தால் வேகம் 326 என்று குறைவாக வந்திருக்கும். குழாயின் வாய்க்குச் சற்று வெளியேயுள்ள காற்றும் சேர்ந்து அதிர்வதுதான் காரணம். இரண்டு அளவுகளைக் கழிக்கும்போது அந்தப் பிழை அடிபட்டுப்போகிறது.

இந்த 347-க்குப் பின்னால் ஒரு பழைய சிக்கல் உண்டு. 1687-இல் நியூட்டன் காற்றின் அழுத்தத்தையும் அடர்த்தியையும் வைத்து ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். அவர் வழியில் என் அறைக்குக் கணக்குப் போட்டால் 295-தான் வருகிறது. காற்று நெருக்கப்படும்போது சூடாகிறது, அந்தச் சூடு வெளியேற நேரம் கிடைப்பதில்லை, அதனால் காற்று இன்னும் விறைப்பாக எதிர்த்துத் தள்ளுகிறது என்று 1816-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் திருத்தினார். அழுத்தத்தை 1.4-ஆல் பெருக்கிக்கொண்டால் 295 சரியாக 349 ஆகிவிடுகிறது. அடர்த்தி மாறவில்லை, விறைப்பு கூடியதும் வேகம் கூடியது. என் பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது இங்கேதான்.

அடுத்து கம்பிகள். அலுமினியம், எஃகு, பித்தளை மூன்றிலும் சரியாக 1 மீட்டர் நீளம், 10 மி.மீ. விட்டம். முதல் நாள் வீணாயிற்று. அலுமினியக் கம்பியை நூலில் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் தட்டினேன். அதிர்வெண் காட்டும் கைபேசிச் செயலியில் 124, 243, 401 ஹெர்ட்ஸ் என்று ஒன்றுக்கொன்று மடங்காக வராத எண்கள். கம்பி வில்போல வளைந்து அதிர்கிற ஒலி அது. வளைவு அலைக்கு ஒரே வேகம் கிடையாது, அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். எனக்கு வேண்டியது காற்றில் போவதுபோல நீளவாக்கில் நெருங்கியும் விலகியும் போகிற அலை. அதற்குக் கம்பியை நட்டநடுவில் இரண்டு விரலால் பிடித்து, முனையில் நேராகத் தட்ட வேண்டும்.

தட்டினேன். அலுமினியம் 2520 ஹெர்ட்ஸில் கணீரென்று பாடியது. கம்பியின் நீளம் அரை அலைநீளம், ஆக அலைநீளம் 2 மீட்டர், வேகம் நொடிக்கு 5040 மீட்டர். எஃகு 2560 ஹெர்ட்ஸ், அதாவது 5120 மீட்டர். இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டினால் காதுக்கு ஏறக்குறைய ஒரே சுருதி. எஃகு அலுமினியத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு கனம்! அப்புறம் மூன்றிலும் கனமான பித்தளையைத் தட்டினேன். சுருதி தடாலென்று இறங்கி 1730 ஹெர்ட்ஸ். வேகம் 3460 மீட்டர்தான்.

கனம் ஒலியை வேகப்படுத்துவதில்லை, இழுத்துப் பிடிக்கிறது. முனையில் தட்டும்போது முதல் அடுக்கு அடுத்த அடுக்கைத் தள்ளுகிறது, அது அதற்கடுத்ததைத் தள்ளுகிறது. அடுக்குகளைப் பிணைக்கும் பிணைப்பு எவ்வளவு விறைப்பானதோ அவ்வளவு சீக்கிரம் அந்தத் தள்ளல் நகரும். ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு கனமோ அவ்வளவு தாமதமாகும். எஃகு அலுமினியத்தைவிட மூன்று மடங்கு கனம், விறைப்பும் ஏறத்தாழ மூன்று மடங்கு. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. பித்தளையில் கனம் எஃகைவிடச் சற்றுக் கூட, விறைப்போ ஏறத்தாழ பாதி.

இடையில் காகிதக் கோப்பைத் தொலைபேசியும் செய்து பார்த்தேன். நூல் தொய்ந்தால் பேச்சு கேட்காது, இழுத்துப் பிடித்தால் தெளிவாகக் கேட்கும், நடுவில் விரலால் நூலைப் பிடித்தால் உடனே நின்றுவிடும். அதற்கு மேல் அதில் அளக்க எதுவும் கிடைக்கவில்லை.

அலுமினியக் கம்பியை மட்டும் கீழே வைக்க மனம் வரவில்லை. விரலில் ரோசின் (வயலின் வில்லுக்குப் பூசும் பிசின்) தூளைத் தடவி, நடுவில் பிடித்தபடி நீளவாக்கில் உருவினால் தட்டாமலே கூவுகிறது. கால் பங்கில் பிடித்தால் சுருதி இரட்டித்து 5040 ஹெர்ட்ஸுக்குத் தாவுகிறது. காது கூசும் அளவுக்குச் சத்தம், பஞ்சு வைத்துக்கொள்வது நல்லது. கூவிக்கொண்டிருக்கும்போது முனையைப் பார்த்தால் அசைவே தெரியாது. அந்த முனையை ஒரு கிண்ணத் தண்ணீரில் மெல்லத் தொடவைத்தேன். தொட்ட இடத்தில் தண்ணீர் சிலிர்த்து, பொடித் துளிகளாகத் தெறித்து என் மணிக்கட்டை நனைத்தது.