செனெக்காவில் கிரிட்டிக்கல் இன்ஜின் இல்லையாம்

பைப்பர் செனெக்கா என்ற இரட்டை இன்ஜின் விமானத்தில் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்: "சார், இதுல கிரிட்டிக்கல் இன்ஜினே கிடையாது." இரண்டில் எது நின்றால் சமாளிப்பது கூடுதல் கஷ்டமோ, அதுதான் கிரிட்டிக்கல் இன்ஜின். படித்துவிட்டு வருகிறார்கள், நல்லதுதான். ஆனால் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரியும் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிக்காது.

வழக்கமான இரட்டை இன்ஜின் விமானங்களில், விமானி இருக்கையிலிருந்து பார்த்தால், இரண்டு புரொப்பெல்லரும் வலப்பக்கமாகவே சுற்றும். மூக்கைத் தூக்கி மெதுவாகப் பறக்கும்போது, புரொப்பெல்லரில் கீழே இறங்கும் இதழ்தான், அதாவது வலப்பக்கம் இருப்பதுதான், அதிகம் இழுக்கும். அதனால் வலது இன்ஜினின் இழுவை விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து இன்னும் விலகிவிடுகிறது. இடது இன்ஜின் நின்றால் சமாளிப்பது கூடுதல் கஷ்டம். செனெக்காவிலோ 1970களின் தொடக்கத்தில் வந்த முதல் மாடலிலிருந்தே வலது புரொப்பெல்லரை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டார்கள். எது நின்றாலும் கஷ்டம் ஒரே அளவு. கஷ்டமே இல்லை என்று யாரும் சொல்லவில்லையே!

ஒரு இன்ஜின் போனால் சக்தி பாதிதான் குறைகிறது; ஏறும் வேகம் முக்கால்வாசிக்கு மேல் காணாமல் போகும். மட்டமாகப் பறக்கத் தேவையானது போக மிஞ்சும் சக்தியில்தானே விமானம் மேலே ஏறுகிறது? ஆளுக்கு 200 குதிரைசக்தி லைகமிங் இன்ஜின் இரண்டைச் சுமந்த முதல் மாடல், முழு எடையோடு, வெயில் நாளில், ஒற்றை இன்ஜினில் ஏற ரொம்பவே யோசிக்கும்.

1975-இல் வந்த செனெக்கா டூவில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த கான்டினென்டல் இன்ஜின்கள். எனக்குப் பிடித்த மாடல் இதுதான். டர்போவுக்குப் போகும் புகையில் ஒரு பகுதியை வெளியே விடும் வழிதான் வேஸ்ட்கேட்; இதில் அது தானாகச் சரிசெய்துகொள்ளாது. டேக்-ஆஃபில் த்ராட்டிலை (சக்தியைக் கூட்டும் நெம்புகோலை) முழுக்கத் தள்ளினால் மானிஃபோல்ட் பிரஷர், அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், 40 அங்குலப் பாதரச வரம்பைத் தாண்டிவிடும். சாதாரண ஒற்றை இன்ஜினில் பழகிய கை கடைசிவரை தள்ளத்தான் பார்க்கும். கண் மீட்டரில் இருந்தாக வேண்டும்.

இன்ஜின் நின்றால், விமானத்தை நேராக வைக்க ஓடுகிற இன்ஜின் பக்கத்து ரட்டர் பெடலைத்தான் மிதிப்போம்; எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து இன்ஜின்தான் போயிருக்கிறது. அந்தப் பக்கத்து த்ராட்டிலை இழுத்து உறுதி செய்துகொண்டு, அப்புறம் ஃபெதர், அதாவது நின்ற புரொப்பெல்லரின் இதழ்களைக் காற்றைத் தடுக்காதபடி திருப்பிவிடுவது. அவசரம் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் இன்ஜின் இறுகத் தொடங்கியிருந்தால் ஆராய்ந்துகொண்டே இருக்கவும் முடியாது. சுழற்சி நிமிடத்துக்கு 800-க்குக் கீழே இறங்கிவிட்டால் புரொப்பெல்லருக்குள்ளே பூட்டு விழுந்துவிடும். தரையில் இன்ஜினை அணைக்கும்போது இதழ்கள் ஃபெதருக்குப் போகாமலிருக்க வைத்த பூட்டு அது. அதற்குப் பிறகு புரொப்பெல்லர் நெம்புகோலை எவ்வளவு இழுத்தாலும் ஃபெதர் ஆகாது.