சம்ப் வைப்பதா வேண்டாமா: பன்னிரண்டாம் நாள் அறுந்த சைஃபன்

விடியற்காலையில் எழுந்து நடந்தபோது பாதம் நனைந்தது. 375 லிட்டர் எம்புனா (மலாவி ஏரியின் பாறை மீன்கள்) தொட்டியின் விளிம்பு வழிந்திருந்தது. கீழே சம்பின், அதாவது தண்ணீரை வடிகட்டி மேலே திருப்பி அனுப்பும் துணைத்தொட்டியின், பம்ப் அறை வறண்டு, பம்ப் காற்றை இழுத்து இரைந்துகொண்டிருந்தது. தொட்டித் தண்ணீரைச் சம்புக்கு இறக்க விளிம்பில் தொங்கவிட்ட ஓவர்ஃப்ளோ பெட்டியின் ‘யு’ குழாயில், மேல் வளைவு முழுவதும் காற்று. தண்ணீரை விளிம்பு தாண்டி இழுத்து இறக்கும் சைஃபன் அறுந்திருந்தது. பன்னிரண்டு நாள் ஒழுங்காக ஓடிய சோதனை அப்படி முடிந்தது.

சம்ப் ஆசை நைட்ரேட்டால் (மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேர்வது) வந்ததல்ல. நைட்ரேட் ஏறினால் தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். சம்ப் தண்ணீரின் அளவைக் கூட்டி அந்த ஏற்றத்தைச் சற்றுத் தாமதப்படுத்துமே தவிர, அதற்கு மருந்தாகாது. என் தொல்லை மணல். இருபத்தாறு மீன்களும் நாள் முழுவதும் தோண்டுகின்றன, கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடிய வடிகட்டி) மூன்று வாரத்தில் அடைத்துக்கொள்கிறது. பிஎச் 8.2-இல் கொஞ்சம் அம்மோனியாவும் அதிக நஞ்சு, அதனால் பயோ மீடியாவுக்கு (அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியிருக்கும் துண்டுகள்) தண்ணீர் குறைவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஹீட்டரையும் இரண்டு முறை ஒட்டுக்கிண்ணத்தோடு பிடுங்கிப் போட்டுவிட்டன. பஞ்சை நின்றபடியே கையால் எடுத்து அலசிப் போடும் வசதி ஒன்றுக்காகவே சம்ப் எனக்கு வேண்டும்.

முதல் மின்வெட்டுச் சோதனை மோசம். பம்ப் நின்றால், தண்ணீரை மேலே கொண்டுவரும் திரும்பும் குழாயே சைஃபனாக மாறி, அதன் வாய் வரை தொட்டித் தண்ணீரைச் சம்புக்கு இறக்கிவிடும். கற்களுக்குப் பின்னாலும் நீரோட்டம் போகட்டும் என்று, திரும்பும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 8 செ.மீ. கீழே வைத்திருந்தேன். தொட்டியின் பரப்பு 150க்கு 50. ஒரு செ.மீ. இறங்கினால் ஏழரை லிட்டர், எட்டு செ.மீ. என்றால் 60 லிட்டர். சம்பில் மிச்சமிருந்த இடம் 53. சுவிட்சை அணைத்துவிட்டுக் குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றதால் தரை தப்பியது. வாயை 1.5 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்தியதும் இறங்கியது 11 லிட்டரும் குழாயில் நின்ற தண்ணீரும் மட்டுமே. அந்த இறக்கத்தை அறுக்கக் குழாயில் காற்றுத் துளை போடலாம், ஆனால் அதைப் பாசி அடைக்கும். ஒருவழி வால்வை நான் நம்பவே மாட்டேன். ஒரு மணல் துணுக்கோ சிறு நத்தையோ போதும், அது வாய் திறந்தபடியே நின்றுவிடும். உயரம் மட்டும்தான் ஏமாற்றாது.

அப்படியிருந்தும் வழிந்தது ஏன்? இரவில் சத்தம் தாங்காமல், பம்புக்கு மேலே உள்ள வால்வைப் பாதி மூடியிருந்தேன். பத்து லிட்டர் வாளி நிரம்ப, முழுதாகத் திறந்தால் 17 விநாடி, பாதி மூடினால் 40 விநாடி. (பம்பின் அட்டையில் மணிக்கு 3000 லிட்டர் என்று இருக்கிறது. உயரம் ஏற்றிய பிறகு எனக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2100. பம்ப் வாங்குபவர்கள் அட்டையை விட்டுவிட்டு வாளியை நம்புங்கள்.) ஓட்டம் வேகமாக இருந்தால் ‘யு’ குழாயில் நுழையும் குமிழிகளைத் தண்ணீரே அடித்துக்கொண்டு போய்விடும். மெதுவானால் அவை வளைவில் தங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் சைஃபனையே அறுத்துவிடும். வால்வைப் பாதி மூடி மறுபடி பார்த்தேன். மூன்றாம் நாளே கட்டைவிரல் அளவுக்குக் காற்று சேர்ந்திருந்தது. முழுதாகத் திறந்தபோது ஒரு குமிழிகூடத் தங்கவில்லை.

சைஃபன் அறுந்தாலும் பம்ப் தன் வேலையை நிறுத்தாது. என் பம்ப் அறை 25க்கு 40, பம்ப் உறிஞ்சக்கூடிய ஆழம் 17 செ.மீ. ஆக 17 லிட்டர் மேலே போகும். தொட்டியில் விட்டிருந்த இடைவெளி 2 செ.மீ., அதாவது 15 லிட்டர். மிச்ச இரண்டு லிட்டர்தான் என் பாதத்தை நனைத்தது. பம்ப் அறையின் தடுப்பை 5 செ.மீ. நகர்த்தி அறையைச் சிறிதாக்கினால் 13.6 லிட்டர்தான் போகும், தரை நனையாது. ஆனால் ஆவியாதல் முழுவதும் பம்ப் அறையில்தான் தெரியும். சிறிய அறையில் இரண்டு லிட்டர் ஆவியானால் மட்டம் இரண்டரை செ.மீ. இறங்கிவிடும். ஒரு வாரம் கவனிக்காவிட்டால் பம்ப் வறண்டு ஓடும். இந்த இழுபறியில் மூன்று இரவு தூங்கவில்லை. தடுப்பை நகர்த்தப் போகிறேன், கூடவே மிதவை வைத்துத் தானாக நிரப்பும் தொட்டி ஒன்றும்.

ஆகவே சம்ப் உண்டு, ‘யு’ குழாய் கிடையாது. பின்கண்ணாடியில் இரண்டு துளைகள், ஒன்று அடைத்தால் மற்றொன்று காக்க. டெம்பர்டு (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து உறுதியாக்கிய) கண்ணாடியைத் துளைத்தால் நொறுங்கிவிடும் என்பதால் முதலில் அதைச் சோதித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் கணினித் திரையை வெள்ளையாக எரியவிட்டு, போலரைஸ்டு குளிர்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டெம்பர்டு என்றால் திட்டுத்திட்டாகக் கறுப்பு தெரியும். பின்பக்கத்தில் எதுவும் இல்லை. அடிப்பலகையில் திட்டுகள் பளிச்சென்று தெரிந்தன, அதைத் தொடமாட்டேன். வைரத் துளைமுனை வந்துவிட்டது. விளிம்பிலிருந்து துளையின் விட்டத்தைவிடக் கூடுதலாகவே தள்ளிக் குறித்திருக்கிறேன். வேகத்தைக் குறைத்து, தண்ணீரை ஊற்றிக்கொண்டே, அழுத்தாமல் இறக்க வேண்டும்.

துளையிடத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும், அதற்கு முன்பு சம்பைக் கழற்றவேண்டும். நேற்றுப் பஞ்சு அறையைத் திறந்தால், அதற்குள் ஆறு குஞ்சுகள், மஞ்சள் லேபிடோக்ரோமிஸ். இந்த மீன்கள் வாயில் வைத்தே அடைகாக்கும். தாயின் வாயிலிருந்து வெளியே வந்து, பெட்டியின் சீப்புப் பற்களுக்கு இடையே நழுவி, குழாய் வழியாக இறங்கியிருக்கின்றன. பெரிய மீன்கள் இல்லாத இடத்தில் நன்றாகக் கொழுத்திருக்கின்றன. பம்பைச் சம்புக்குள்ளேயே சுற்றவிட்டு, ஹீட்டரையும் அங்கே மாற்றிவிட்டேன். அவை இரண்டு செ.மீ. வளரும்வரை துளைமுனை பெட்டியிலேயே இருக்கட்டும்.