நேர்த்தியும் மாத்திரையும்

மே 29, வியாழன்

வற்றாப்பளை அம்மன் பொங்கல் நெருங்கினால், மருத்துவிச்சியாக நான் போகிற வீட்டிலெல்லாம் இதே கேள்விதான்: "மிஸ்ஸி, மாதவிலக்கு நாளைத் தள்ளிப்போட மாத்திரை இருக்கிறதா?" துடக்கோடு, அதாவது தீட்டோடு, கோயில் வாசலை மிதிக்க முடியாது, அம்மனுக்கு வைத்த நேர்த்தியையும் விட முடியாது. மாத்திரை எழுதுவது டாக்டரின் வேலை. காலில் இரத்தம் கட்டியதுண்டா, ஈரலில் வருத்தம் உண்டா, கர்ப்பமாக இருக்கக்கூடுமா என்று விசாரித்து அனுப்புவதோடு என் பங்கு முடிந்தது.

ஜூன் 2, திங்கள்

இன்று பொங்கலுக்காகச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுக்கிறார்கள். முள்ளியவளைப் பக்கம் வீதியெல்லாம் சனம். ஒரு பிள்ளை நோரெதிஸ்டெரோன் என்ற அந்தத் தள்ளிப்போடும் மாத்திரையின் அட்டையைக் கொண்டுவந்தாள். 5 மில்லிகிராம், நாளுக்கு 3. ஒவ்வொரு குளிசைக்கும் பின்னால் காலை, மத்தியானம், இரவு என்று பேனாவால் குறித்திருந்தாள். "கெட்ட இரத்தம் உள்ளே தேங்கிவிடாதா?"

தேங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. மாதவிலக்கு முடியும்போது கருப்பையின் உட்படலம் சில மில்லிமீற்றர்தான். ஈஸ்திரஜன் என்ற ஓமோன் அதை வளர்க்கும்; 10 மில்லிமீற்றரைத் தாண்டுவதும் உண்டு. முட்டை வெளியேறிய பின் புரோஜெஸ்தரோன் என்ற இன்னொரு ஓமோன் அதைக் கருவுக்கென்று பக்குவப்படுத்தும். கரு தங்காவிட்டால் புரோஜெஸ்தரோன் இறங்கும், உட்படலத்துக்கு இரத்தம் கொண்டுவரும் சுருள் நாடிகள் இறுகும், மேற்படை உதிரும். அடியில் உள்ள படை உதிராது, அடுத்த மாதம் எல்லாம் அதிலிருந்தே வளரும். இறங்க வேண்டிய புரோஜெஸ்தரோனின் இடத்தில் மாத்திரை நிற்பதால் உதிர்வு தொடங்குவதில்லை, அவ்வளவுதான். பிள்ளைக்கென்று விளைந்ததற்குக் 'கெட்டது' என்று பெயர் வைத்தவர் யாரோ!

ஜூன் 5, வியாழன்

ஒட்டுசுட்டானில் ஒரு மாமி மருமகளுக்கும் மாத்திரை கேட்டார். மருமகளின் நேர்த்தியோ பிள்ளை வரத்துக்கு! முட்டை வெளியேறி 6 முதல் 10 நாட்களுக்குள்தான் கரு உட்படலத்தில் பதியும். அவளுக்கு அந்த நாட்கள் இப்போதுதான் கடந்திருக்கின்றன, பதிந்திருந்தால்? மாத்திரை வேண்டவே வேண்டாம் என்றேன்.

மாமி விடவில்லை. "எங்கள் பசுவுக்கு மாதவிலக்கா வருகிறது? வருடா வருடம் கன்று போடுகிறதே." நல்ல கேள்வி. பசுவின் உட்படலம் நம்முடையதைப் போல மாதாமாதம் உதிர்வதில்லை. மனிதரில், கரு வந்தாலும் வராவிட்டாலும், உட்படலம் முன்கூட்டியே மாறிவிடுகிறது. அப்படி மாறியது திரும்பிப் போகாது, உதிரத்தான் வேண்டும். சில குரங்குகளுக்கும் சில வௌவால்களுக்கும் இதே கதைதான். வௌவால் என்றதும் மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூன் 12, வியாழன்

மாத்திரை போட்ட பிள்ளை திங்கள் இரவு பொங்கல் முடித்து நிறுத்தினாள். இன்று காலை வந்துவிட்டதாம். நிறுத்தி 2, 3 நாட்களில் வருவது வழக்கம்.

ஒட்டுசுட்டான் மருமகளுக்கு 8ஆம் திகதியே வந்துவிட்டது. அவள் வீட்டில் இருக்க, மாமி பானையோடு போய் வந்திருக்கிறார். மாதவிலக்கு வந்ததிலிருந்து 12ஆம் நாளான ஜூன் 19 அன்று ஸ்கானில் உட்படலத்தின் தடிப்பை அளக்க டாக்டர் திகதி கொடுத்திருக்கிறார். கணவனின் விந்துப் பரிசோதனைத் துண்டு போன வருடம் எழுதியது, மடித்தபடியே கிளினிக் கொப்பிக்குள் கிடக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் மாமிக்கு மாட்டைக் கட்டும் வேலை வந்துவிடுகிறது.