கடல் முயலின் நாக்கு சொல்லிக் கொடுத்தது

பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, அப்ளீசியா என்ற கடல் முயல் பாசி தின்னும் அசைவைக் கணினியில் செய்து காட்டுவது. கலிபோர்னியா கடலோரத்தில் வாழும், வெளியே ஓடு தெரியாத நத்தை இனம். நரம்பு செல்கள் மொத்தமே சுமார் 20,000 தான். சில செல்கள் பெரிதாகவும் தனித்து அடையாளம் காணும்படியும் இருப்பதால் அவற்றுக்குப் பி8, பி21 என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

அதன் வாய்க்குள் ரேடுலா என்று பல் நிறைந்த நாக்கு இருக்கிறது. முன்னால் நீளும், அப்புறம் பின்னால் வரும். பின்னால் வரும்போது மூடிப் பிடித்துக்கொண்டால் பாசி உள்ளே போகும், முன்னால் போகும்போதே மூடிக்கொண்டால் அதே பாசி வெளியே தள்ளப்படும். நாக்கு அதேதான், மூடும் நேரம்தான் வேறு. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் என் கணினி நத்தை தின்னவே இல்லை. பாசி நாக்கில் பட்டவுடன் மூடு என்று எழுதியிருந்தேன், அது நாக்கை நீட்டும்போதே மூடி, வந்த பாசியை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. மூன்று வாரம் தசையின் கணக்கைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பக்கத்து மேசையில் இருந்த திருநெல்வேலி அக்கா ஒருநாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, பட்டவுடனே சேதி போயிரும்னு ஏன் வெச்சிருக்கே? பி21 எப்ப பேசும்னு பார்த்தியா?"

அங்கேதான் விஷயம் இருந்தது. பி21 தொடு உணர்வைக் கொண்டுவரும் செல். நாக்கில் ஏதாவது பட்டால் அங்கே சமிக்ஞை கிளம்பும், ஆனால் நாக்கை மூடவைக்கும் பி8-க்கு அது எப்போதும் போய்ச் சேர்வதில்லை. நாக்கு பின்னால் வரும் கட்டத்தில், நரம்பு செல்கள் கூட்டமாக இருக்கும் நரம்பு முடிச்சிலிருந்தே பி21-இன் மின்னழுத்தம் உயர்த்தப்படுகிறது, அப்போதுதான் வழி திறக்கிறது, சேதி பி8-ஐ எட்டி, பிடி இறுகுகிறது. உணர்வு நரம்பு என்றால் தபால்காரர் மாதிரி, கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இங்கே தின்னும் அசைவே அதன் கதவைத் திறந்து மூடுகிறது, திறந்த நேரத்தில் அது அசைவைத் திருத்துகிறது.

அன்று ராத்திரி நல்ல மழை. மல்லேஸ்வரத்தில் நான் தங்கியிருந்த வீட்டுச் சுவரில் ஓடில்லாத நிலநத்தை ஒன்று வந்தது, வெள்ளரித் துண்டை நீட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். வாய் திறந்து மூடித் திறந்து மூடி, துண்டின் ஓரத்தில் மெல்லிய பள்ளம் விழுந்துகொண்டே வந்தது. இது வேறு இனம், பி21 பற்றி இதைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. இருந்தாலும் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.

மறுநாள் காலை மூன்று வரி மாற்றினேன். திரையில் பாசி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னொரு தடவை ஓட்டு" என்றார்.