கால்சியத்துக்கு எத்தனை ஹெர்ட்ஸ்?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, மாமா வீட்டு அலமாரியில் அத்தையின் கால்சியம் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒன்று போடச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் அப்படியேதான் இருந்தது, நாலு மாசத்துக்கானது. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, கையில் பிடித்துக்கொள்ள இரண்டு உலோகக் குழாய்கள், எண் காட்டும் ஒரு திரை. கால்சியத்தின் அதிர்வெண்ணை உடம்புக்குக் கொடுத்து எலும்பைச் சரிசெய்யும் என்று சொல்லி விற்ற பெட்டி, மாத்திரைக்குப் பதில் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார் அத்தை. "நீ இருக்குன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் வாங்கினேன் மாப்ள" என்றார் மாமா.

சொன்னது உண்மைதான். ஆனி மாசம் ஒருநாள் போன் பண்ணி, "உங்க மெஷின்ல கால்சியத்துக்குன்னு ஒரு ஃப்ரீக்வென்சி இருக்கா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு" என்று கேட்டார். வரிசையில் ஏழெட்டு சாம்பிள் காத்திருந்தது, நான் ஷிம் பண்ணிக்கொண்டிருந்தேன், அதாவது காந்தப்புலத்தைச் சீராக்கிக்கொண்டிருந்தேன். "இருக்கு மாமா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு வருஷமாக ஓர் ஆய்வகத்தில் என்எம்ஆர் கருவி ஓட்டுகிறேன். பொருளைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து, ரேடியோ அலை கொடுத்து, அதன் அணுக்கருக்கள் எந்த அதிர்வெண்ணில் பதில் சொல்கின்றன என்று பார்க்கும் கருவி அது. எங்களிடம் இரண்டு கருவிகள் உண்டு, ஒன்றை நானூறு என்போம், இன்னொன்றை ஐந்நூறு என்போம். இந்தப் பெயர்களைக் கொஞ்சம் நின்று கவனித்தாலே விஷயம் விளங்கிவிடும். 9.4 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) காந்தத்துக்குள் ஹைட்ரஜன் அணுக்கரு 400 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்கிறது, 11.7 டெஸ்லாவில் அதே ஹைட்ரஜன் 500 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்கிறது. மருத்துவமனையில் இருக்கும் 1.5 டெஸ்லா எம்ஆர்ஐயில் சுமார் 64. ஹைட்ரஜன் மாறவில்லை, காந்தம்தான் மாறியது. ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ் என்ற விகிதம்தான் ஹைட்ரஜனுக்குச் சொந்தம், அதிர்வெண் அதற்குச் சொந்தமில்லை. எந்தக் காந்தம் என்று சொல்லாமல் எழுதிய அதிர்வெண் பாதி எண்தான்.

பெட்டியோடு வந்த பட்டியலில் தனிமங்களின் பெயரும் நேரே ஹெர்ட்ஸும் இருந்தன. இவை என்எம்ஆரில் கண்ட அதிர்வெண்கள் என்றும், அவற்றைத் திரும்பத் திரும்பப் பாதியாக்கிக் காதுக்குக் கேட்கும் அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்றும் மேலே எழுதியிருந்தது. எங்கள் ஆய்வகச் சுவரிலும் இதே மாதிரி ஓர் அட்டவணை தொங்குகிறது, ஆனால் அதில் முதல் வரியில் காந்தப்புலம் எவ்வளவு என்று போட்டிருக்கும். மாமாவின் பட்டியலில் அந்த முதல் வரியே இல்லை.

தை மாசம் மாமா சென்னைக்கு வந்தபோது ஆய்வகத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். கைபேசி, வாட்ச், பர்ஸ் எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொல்லிவிட்டு, ஒரே எத்தனால் டியூபை முதலில் நானூறிலும் அப்புறம் ஐந்நூறிலும் போட்டுக் காட்டினேன். அதே டியூப், அதே திரவம், ஆனால் கோடுகள் வந்த அதிர்வெண் வேறு. அதனால்தான் கோடு எங்கே வருகிறது என்பதை வேதியியல்காரர்கள் வழக்கமாக ஹெர்ட்ஸில் சொல்வதில்லை, ஒரு குறிப்புக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதைக் கருவியின் அதிர்வெண்ணால் வகுத்துப் பிபிஎம்மில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று எழுதுகிறார்கள். அப்புறம் சுவர் அட்டவணை முன்னால் உட்கார்ந்து கால்சியத்துக்குக் கணக்குப் போட்டோம். 300 கருவியில் 20.2 மெகாஹெர்ட்ஸ், 400இல் 26.9, 500இல் 33.6. பதினாறு தடவை பாதியாக்கினால் முறையே 308, 411, 513 ஹெர்ட்ஸ் கிட்ட வருகிறது. இதில் எது கால்சியம்? அத்தை வீட்டுக்கூடத்தில் இருக்கும் ஒரே பெரிய காந்தம் பூமி, அது நம் பக்கம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அந்தக் கணக்குப்படி பாதியாக்காமலே 115 ஹெர்ட்ஸ்தான்.

இன்னொன்றும் சொன்னேன், மாமா அதற்குத்தான் நிமிர்ந்து பார்த்தார். இந்த எண்கள் எல்லாமே கால்சியம்-43 என்ற ஐசோடோப்புக்கு, அதாவது கால்சியத்தின் ஒரு வகை அணுவுக்கு, உரியவை. உலகத்துக் கால்சியத்தில் அது 0.135 சதவீதம். கிட்டத்தட்ட 97 சதவீதமாக இருக்கும் கால்சியம்-40க்கு என்எம்ஆருக்குத் தேவையான அணுக்கருச் சுழற்சியே (ஸ்பின்) கிடையாது, எந்தக் காந்தத்தில் வைத்தாலும் என்எம்ஆரில் அது ஊமை. அத்தையின் எலும்பில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான்.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு, என்எம்ஆர் தான் பார்க்கும் பொருளை மாற்றுவதில்லை என்பது. எங்களிடம் வரும் ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் மூன்று வருஷம் பாடுபட்டுப் பிரித்தெடுத்த நாலு மில்லிகிராமை டியூபில் எடுத்துக்கொண்டு, அதைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு வருவார்கள். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டுக் காலையில் திருப்பிக் கொடுப்போம், கரைப்பானை ஆவியாக்கிவிட்டு அடுத்த சோதனைக்கு எடுத்துப்போவார்கள். பொருளுக்கு எதுவுமே ஆகாது. என்எம்ஆரை நாங்கள் நம்புவதே இதற்காகத்தான். 400 கருவியில் பத்து லட்சம் ஹைட்ரஜனில் முப்பத்திரண்டு மட்டும்தான் கூடுதலாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அதிலிருந்துதான் இத்தனை சிக்னலும் கிடைக்கிறது. நாம் கொடுக்கும் ஒரு துளி ஆற்றல், அறை வெப்பத்திலேயே மூலக்கூறுகள் உதறிக்கொண்டிருக்கும் ஆற்றலில் பதினையாயிரத்தில் ஒரு பங்கு. ரேடியோ அலைத் துடிப்பு நின்றதும் அணுக்கருக்கள் சில விநாடிகளில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ரேடியோ அலை உடம்பில் செய்வது கொஞ்சம் சூடாக்குவதுதான், எம்ஆர்ஐயில் அதற்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

பெட்டியோடு வந்த துண்டுப் பிரசுரத்தில் நோபல் பரிசு பெற்ற தொழில்நுட்பம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 2003இல் லாட்டர்பருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் மருத்துவ நோபல் கொடுத்தது உண்மை, ஆனால் அது உடம்புக்குள் படம் எடுத்ததற்கு. குணப்படுத்தியதற்கு இல்லை.

"இதை அன்னிக்கே போன்ல சொல்லியிருக்கலாமே மாப்ள?" என்று மாமா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த நாலு மாசத்தில் எனக்கும் பங்கு உண்டு. பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் "ஒவ்வொரு அணுக்கருவுக்கும் ஒரு அதிர்வெண் இருக்கு" என்றுதான் வருஷக்கணக்காக ஆரம்பித்திருக்கிறேன், சுலபமாக இருக்கட்டும் என்று. இப்போது காந்தத்தைச் சொல்லாமல் அந்த வாக்கியத்தைச் சொல்வதில்லை.

மாமா பட்டியலில் கால்சியத்துக்கு நேரே 308, 411, 513 என்று பேனாவால் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டாக்டரிடம் திரும்பப் போனார்கள், நன்றாகத் திட்டு வாங்கினார்கள். இப்போது அத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு, படுக்கக் கூடாது என்பதால் அரைமணி நேரம் வாசலில் நடக்கிறார். அந்த அரைமணியில்தான் மாமா எனக்குப் போன் பண்ணுகிறார்.