செய்முறைத் தேர்வில் உள்குழந்தை: காவலுக்கு நிற்பவரிடம் முதலில் பேசுங்கள்

உளச்சிகிச்சைப் படிப்பின் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ்தான், ஆனால் ஒரு தேர்வாளர் மேல் இன்னும் கடுப்பு தீரவில்லை. எழுத்துத் தேர்வை விட்டுவிடுகிறேன். கிளையண்டோடு நடத்திய செஷனின் ஒலிப்பதிவு, வைவா (வாய்மொழித் தேர்வு) இரண்டை மட்டும் சொல்கிறேன்.

என்னைக் கரையேற்றியது ஒரே கேள்வி: "அந்தப் பகுதியைப் பார்க்கும்போது உங்களுக்கு அதன்மேல் என்ன தோன்றுகிறது?" ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் 1980களில் உருவாக்கிய ஐஎஃப்எஸ் (Internal Family Systems) முறையில் எல்லாமே இதைச் சுற்றித்தான். மனம் பல பகுதிகள் சேர்ந்த குடும்பம் மாதிரி என்பது அதன் பார்வை: காயம்பட்ட உள்குழந்தை ஒரு பகுதி, அதற்குக் காவல் நிற்பவை வேறு பகுதிகள். கிளையண்ட் "எரிச்சலா வருது, தொலையட்டும்" என்றால் பேசுவது செல்ஃப் (பகுதிகளுக்கு அப்பால் இருக்கும் அமைதியான மைய 'நான்') அல்ல, இன்னொரு பகுதி. அதைச் சற்று விலகி நிற்க முடியுமா என்று கேளுங்கள். மறுபடி அதே கேள்வி. "ஏன் இப்படிப் பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கணும்போல இருக்கு" என்று வரும்வரை நகராதீர்கள்.

பலரும் அழும் சிறுபிள்ளை கண்ணில் பட்டதுமே "அதைக் கட்டிக்கொள்ளுங்கள்" என்று பாய்கிறார்கள். நான் சுபாவத்திலேயே நிதானம். என் பதிவு முழுக்க, கிளையண்டை ஓயாமல் திட்டும் உள்குரலோடுதான் பேச்சு. திட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகுமென்று பயம் எனக் கேட்டதற்கு வந்த பதில்: "எல்லார் முன்னாடியும் அழுதுடுவா, யாரும் வர மாட்டாங்க." குழந்தை எங்கே ஒளிந்திருக்கிறது என்று அந்தக் காவலே காட்டிக்கொடுத்துவிட்டது. செஷனை அங்கேயே நிறுத்தினேன். "உள்குழந்தைப் பணி எங்கே?" என்று எழுதி மதிப்பெண்ணை வெட்டினார் அந்தப் புண்ணியவான். காவலிடம் அனுமதி வாங்காமல் குழந்தையிடம் போனால் அடுத்த வாரம் கிளையண்டே வரமாட்டார் என்று வைவாவில் வாதாடினேன், இன்னொருவர் தலையாட்டினார்.

வைவாவில் வந்தவை:

- மேனேஜர், ஃபயர்ஃபைட்டர் என்ற இருவகைக் காவல் பகுதிகளின் வேறுபாடு. முன்னது வலி கிளம்பாமல் பார்த்துக்கொள்ளும். பின்னது கிளம்பிய பிறகு குடியோ, கட்டுமீறிய தீனியோ, எதையாவது வைத்து அணைக்கும்.
- சிறுவயதில் படிந்த மனப்பாங்குகளை மாற்றப் பார்க்கும் ஜெஃப்ரி யங்கின் ஸ்கீமா தெரபியோடு ஒப்பீடு. பாதி நேரம் இதிலேயே போனது. அங்கே தெரபிஸ்ட் ஓர் எல்லைக்குள் பெற்றோர் இடத்தில் நின்று குழந்தைக்கு வேண்டியதைத் தருகிறார். ஐஎஃப்எஸ்ஸில் முடிந்தவரை கிளையண்டின் செல்ஃப்தான் குழந்தையிடம் போக வேண்டும். தண்டிக்கும் பெற்றோர் மோடை (நம்மை நாமே கடுமையாகத் திட்டும் மனநிலையை) ஸ்கீமா தெரபி எதிர்த்து அடக்கும், ஐஎஃப்எஸ் அதனிடமும் உட்கார்ந்து கதை கேட்கும்.
- டிரான்சாக்ஷனல் அனாலிசிஸை உருவாக்கிய எரிக் பெர்ன் சொல்லும் மூன்று மனநிலைகள்: பெற்றோர், வளர்ந்தவர், குழந்தை. இரண்டு வரி போதும்.
- போலி நினைவு. மனக்காட்சியில் வருவதை நடந்த சம்பவம் என்று நீங்கள் முத்திரை குத்தக் கூடாது. கிளையண்ட் யாரையும் சொல்லாதபோது "அங்கே வேறு யார் இருந்தார்?" என்று கேட்டாலே தூண்டும் கேள்வி.
- கிளையண்ட் பார்வை நிலைகுத்தி, பதில் வராமல் போனால்? குழந்தையை விட்டுவிடுங்கள். பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்லி அறைக்குத் திருப்புங்கள்.

செல்ஃபின் எட்டு குணங்களை உருப்போட வேண்டாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை, ஆர்வமும் அமைதியும் குரலில் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள்.

டிரான்ஸ்கிரிப்டில் (ஒலிப்பதிவின் எழுத்து வடிவில்) ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பேசுவது எந்தப் பகுதி என்று குறித்துவிடுங்கள். உங்கள் வரிகளுக்கும் சேர்த்து. ஆறுதல் சொல்லத் துடிக்கும் ஒன்று நமக்குள்ளும் உட்கார்ந்திருக்கும். அது எந்த வரியில் வாயைத் திறந்தது என்பதைத் தேடிப் பிடித்துத்தான் என்னைக் கேட்டார்கள்.